ரொவீனா அழுத்திய பொத்தான்

ரொவீனா குச்சேராவுக்கும் லைலுக்கும் விவாகரத்து நடந்தபோது வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சண்டை வரவில்லை. வீடு அவனுக்கு, நாய் அவனுக்கு, கார் அவளுக்கு என்று அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டார்கள். பதினோரு மாதம் இழுத்தடித்தது வேறு விஷயம். வில்லோ பெண்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில், கிழக்குப் பக்கம், இருபத்தேழாம் பிரிவு, நாற்பத்து மூன்றாம் வரிசையில் இருவர் பேரிலும் இருந்த இரண்டு இடங்கள். வக்கீல்கள் இருவரும் அதே மைதானத்தில் வருஷம் முழுக்க ஒரே இடத்துக்கான சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்கள். அதனால் யாருக்கும் இது சின்ன விஷயமாகப் படவில்லை. கடைசியில் ரொவீனா காரையும் விட்டுக்கொடுத்து இடங்களை வாங்கிக்கொண்டாள். அந்த வருஷம் முதல் ஆட்டத்துக்கு மார்லிஸின் வண்டியில் தொற்றிக்கொண்டுதான் போனாள்.

"ரெண்டு இடம் எதுக்குடி உனக்கு?" என்று மார்லிஸ் வழியில் கேட்டாள்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு என் கோட்டுக்கு."

"நெப்ராஸ்காவுலயே சீசன் டிக்கெட் வெச்சிருக்கற கோட்டு உன்னோடதுதான்."

மார்லிஸ் டீட்மன் பக்கத்து இடத்துக்காரி. ரொவீனாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், முப்பது வருஷம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். ஊர்க் கடிதமெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்ததாலோ என்னவோ, யாரிடமும் எதையும் சுற்றிவளைக்காமல் கேட்பாள். இவர்களுக்குப் பின்வரிசையில் டுவேன் பார்ட்டெல்ஸ். சோளம் போடுகிற விவசாயி. ஆட்டம் பார்க்கும்போது முன்னால் இருப்பவர் தோளை படபடவென்று தட்டுவான், அதனால் அவனுக்கு முன்னால் உட்கார ரொவீனாவின் கோட்டுதான் சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. வருஷத்துக்கு ஏழு சனிக்கிழமை சந்திப்பார்கள். ஆனால் யாருக்கு எந்த முழங்காலில் அறுவை சிகிச்சை, யார் மகள் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அத்துப்படி.

மற்ற நாட்களில் ரொவீனா ஹேவர்மன் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சமையல்காரி. முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பாள். வெள்ளிக்கிழமை என்றால் பீன்ஸும் மாட்டுக்கறியும் போட்ட சில்லிக் குழம்பு, கூடவே பட்டைத்தூள் தூவிய இனிப்புச் சுருள் ரொட்டி. இரண்டையும் சேர்த்து எப்படித் தின்கிறீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள். சனிக்கிழமை அதே குழம்பை ஒரு பெரிய தூக்கில் ஊற்றிக்கொண்டு விவாகரத்துக்குப் பிறகு வாங்கிய வண்டியில் அறுபது மைல் ஓட்டிப்போய், வாகனம் நிறுத்தும் மைதானத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, தன் பிரிவுக்காரர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பாள். அவர்கள் அணிக்குப் பேர் கொக்குகள். வசந்தகாலத்தில் ஆற்றில் வந்து இறங்கும் சாம்பல் கொக்குகளின் பேர். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டி ஒரு 'டச்டவுன்' விழுந்தால் நாற்பதாயிரம் பேரும் தொண்டையை உருட்டிக் கொக்குபோலக் கத்துவார்கள். ரொவீனா கத்தினால் இரண்டு பிரிவுக்குக் கேட்கும்.

இருபத்தேழாம் பிரிவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே புகார் சொல்வதுதான் பெருமை பேசுவது. முதுகுச் சாய்மானம் இல்லாத மரப்பலகை. மத்தியானம் திரும்பினால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். பெண்களுக்கு ஒரே கழிப்பறை, போய் வருவதற்குள் கால்பாகம் ஆட்டம் முடிந்துவிடும். எழுபத்தெட்டுப் படி, கைப்பிடி பாதிவரைதான். இதையெல்லாம் வாய் ஓயாமல் சொல்வார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் தூக்கியடிப்பார். பனிமழை பெய்த ஓர் ஆட்டத்தில் தன் கால்சட்டை பலகையோடு ஒட்டி உறைந்துவிட்டதை டுவேன் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். புதிதாக வந்து உட்கார்ந்த ஒருவன் "இங்கேருந்து நல்லாத் தெரியுதே" என்று சொன்னால் போதும், இவன் ஒரு நாள் விருந்தாளி என்று மார்லிஸ் கண்ணடித்துவிடுவாள்.

அந்தப் பலகைகளுக்குத்தான் ஆபத்து வந்தது. கிழக்குப் பக்கத்தை இடித்துவிட்டுக் கண்ணாடி போட்ட சொகுசு அரங்கம் கட்டப்போகிறார்கள் என்று போன வசந்தத்தில் பேச்சு கிளம்பியது. பேச்சு கிளம்பினால் ரொவீனா சும்மா இருக்கிற ஆளா? பள்ளிக்கூட அலுவலகத்தில் ஒரு தாளில் தட்டச்சு செய்தாள். 'கிழக்குப் பக்கத்து ரசிகர்களைக் கேட்காமல் எங்கள் இடங்களில் கை வைக்காதீர்கள்' என்பது மட்டும்தான் அதில் இருந்தது. பயிற்சி ஆட்டத்தன்று படி படியாக ஏறி இறங்கி நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினாள். விளையாட்டுத் துறை அலுவலகத்துக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட பெண் சிரித்த முகமாக இருந்தாள், ரொவீனாவின் பேர், தொலைபேசி எண், எத்தனை வருஷமாக வருகிறீர்கள் என்பதெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அக்டோபரில் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். பேர் கேலின்.

"ரொவீனா, உக்காந்திருக்கீங்களா? நின்னுட்டிருந்தா உக்காந்துக்கோங்க. இந்த வருஷத்தோட சிறந்த ரசிகை நீங்கதான்!"

கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று ரொவீனா விருந்தாளி. வீரர்கள் உடை மாற்றும் அறையைப் பார்க்கலாம். பயிற்சியாளரோடு கைகுலுக்கலாம். வீரர்கள் ஓடிவரும் சுரங்கப்பாதையில் அவர்களுக்கு முன்னால் நிற்கலாம். இடைவேளையில் மைதானத்தின் நடுவில் அவளை நிறுத்தி மரியாதை செய்வார்கள். ரொவீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள்.

மார்லிஸிடம் சொன்னபோது, "நீ பேப்பர் கொண்டுபோய்க் குடுத்தியே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்டி," என்றாள்.

"இருக்கும்னுதான் எனக்கும் தோணுது. நம்ம பேச்சக் கேட்டுட்டாங்க போல."

"தோணுதா? தோணுறதெல்லாம் வேண்டாம். அந்த விளையாட்டுத் துறைத் தலைவர நேருக்கு நேரா பாப்பேல்ல? வாயத் தெறந்து கேட்டுடு. பலகை நிக்குமா, நிக்காதா. எனக்கு எழுபத்தோரு வயசாச்சு. வேற எடத்துல போய்ப் புது ஆளுங்களோட பழக எனக்கு நேரமில்ல."

"கேக்கறேன். சத்தியமா கேக்கறேன்."

நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை காலையில் கேலின் அவளை வாசலிலேயே வந்து கூட்டிப்போனாள். கழுத்தில் தங்க நிற அட்டை. சின்ன மின்வண்டியில் ஏற்றி, முப்பத்து மூன்று வருஷமாக ரொவீனா வெளியிலிருந்து மட்டுமே பார்த்த இரும்புக் கதவுக்குள் ஓட்டிப்போனார்கள். உள்ளே தைல வாசனையும் ஈரத்துணி வாசனையும். கதவுநிலைக்குள் அடங்காத பையன்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தன் கண்ணைத் திறந்தான்.

"குச்சேரா மேடம்! ஹேவர்மன் ஸ்கூல்! வெள்ளிக்கிழமை சில்லி!"

"டேய் கோல்ட்டன்! மூணாவது தடவ தட்ட நீட்டுவியே, நீயா இது?"

"நாலாவது தடவையும் போட்டீங்க. அதான் இப்படி இருக்கேன்."

அறையே சிரித்தது. நான் சோறு போட்ட பிள்ளை இங்கே இருக்கிறான், நான் இந்த இடத்துக்குச் சொந்தக்காரி என்று ரொவீனாவுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நேரத்தில் அவளிடம் யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். கேலினுக்கு அது தெரிந்திருந்தது என்பது என் எண்ணம். அந்த நொடியில்தான் அவள் ஓர் ஒளிப்பதிவாளனைக் கூட்டிவந்தாள்.

"சும்மா ரெண்டு நிமிஷம் பேசுங்க ரொவீனா. இடைவேளையில பெரிய திரையில போடுவோம். உங்க இடத்தப் பத்திச் சொல்லுங்க. கிழக்குப் பக்கம் எப்படி இருக்கு?"

கேட்க வேண்டுமா? ரொவீனா தொடங்கிவிட்டாள். பலகையில் முதுகு சாய்க்க முடியாது, ஆட்டம் முடிந்து எழுந்தால் இடுப்பு கூடவே எழுந்து வராது என்றாள். வெயிலைச் சொன்னாள். கழிப்பறையைச் சொன்னாள். "எழுபத்தெட்டுப் படி. ஏறும்போது சாமியக் கூப்பிடுவேன், எறங்கும்போது சாமியத் திட்டுவேன்," என்றாள். பக்கத்து இடத்துக்காரிக்கு எழுபத்தோரு வயது, போன வருஷம் நடுப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவளை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது என்பதையும் சொன்னாள். ஒளிப்பதிவாளன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரிக்கச் சிரிக்க இவள் இன்னும் ஏற்றிச் சொன்னாள். கடைசியில் விரலை நீட்டி, "அந்தப் பலகையில எவனாவது கைய வெச்சான், கரண்டியாலயே அடிப்பேன். அது எங்க பலகை," என்று முடித்தாள்.

"பிரமாதம்," என்றாள் கேலின்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மைதானத்தின் எல்லைக்கோட்டோரத்தில் விளையாட்டுத் துறைத் தலைவர் வந்தார். உயரமான மனிதர், விலையுயர்ந்த கோட்டு, அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். ரொவீனா சத்தியத்தை மறக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். எங்க பலகை நிக்குமா? நானூத்திப் பன்னண்டு பேர் கையெழுத்துப் போட்டோம்."

"அந்தத் தாள் என் மேசைமேலதான் இருக்கு ரொவீனா. ஒவ்வொரு பேரையும் படிச்சேன். கிழக்குப் பக்கத்துக்கு இன்னைக்கு இடைவேளையில ஒரு நல்ல சேதி இருக்கு. அத நீங்களே எல்லாருக்கும் திறந்து வைக்கப்போறீங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கைபேசியை எடுத்து மார்லிஸுக்கு எழுதினாள்: 'கேட்டுட்டேன். நல்ல சேதி. தலைவரே சொன்னார். இடைவேளையில எங்கேயும் போகாதே, எல்லாரையும் உட்காரச் சொல்.'

மேலே நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் நாற்பத்து மூன்றாம் வரிசை எழுந்து கையாட்டியது. அடுத்து அதன் கீழ் வரிசை, மேல் வரிசை. சேதி பலகை பலகையாகப் பரவுவது அவளுக்குக் கண்ணால் தெரிந்தது. கையை உயர்த்தி அவளும் ஆட்டினாள், அழுதுகொண்டே ஆட்டினாள்.

முதல் பாதி ஆட்டம் எப்படிப் போனது என்று பிறகு கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. சுரங்கப்பாதையில் பையன்கள் இடிஇடியென்று ஓடிவந்ததும், கோல்ட்டன் ஓடிக்கொண்டே அவள் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனதும் மட்டும் நினைவிருந்தது.

இடைவேளையில் வாத்தியக் குழு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. நடுவில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் தட்டு அகலத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். ஒலிபெருக்கியில் அவள் பேர் முழங்கியது. முப்பத்து மூன்று வருஷம், ஒரு உள்ளூர் ஆட்டம்கூடத் தவறவிடாதவர். நாற்பதாயிரம் பேர் கைதட்டினார்கள். இருபத்தேழாம் பிரிவு மொத்தமாக எழுந்து நின்று கொக்குபோலக் கத்தியது.

"அழுத்துங்க," என்றாள் கேலின் காதோடு.

அழுத்தினாள்.

பெரிய திரையில் அவள் முகம் வந்தது. இரண்டு மாடி உயரம். 'பலகையில முதுகு சாய்க்க முடியாது,' என்றது அந்த முகம். மேலே தன் ஆட்கள் சிரிப்பது கேட்டது, ரொவீனாவும் சிரித்தாள். 'வெயில் நேரா கண்ணுல அடிக்கும்.' சிரிப்பு. 'ஒரே கழிப்பறை.' அதற்கும் சிரித்தார்கள். 'பக்கத்து எடத்துக்காரிக்கு எழுபத்தோரு வயசு. நடுப்படியில மூச்சு வாங்கி உக்காந்துட்டா. ரெண்டு பேரு தூக்க வேண்டியிருந்துச்சு.' இப்போது சிரிப்பு குறைந்தது, ஏனென்றால் அந்த வார்த்தைக்குக் கீழே சோகமான பியானோ ஒன்றை வாசித்திருந்தார்கள். அடுத்து அவளுடைய தாள் வந்தது, அவள் தட்டச்சு செய்த அதே தாள். கையெழுத்துகள் மட்டும் தெரிந்தன, மேலே இருந்த வாசகம் தெரியவில்லை. ஒரு ஆழமான குரல் சொன்னது: 'நானூற்றுப் பன்னிரண்டு ரசிகர்கள் எங்களிடம் வந்தார்கள். நாங்கள் அவர்கள் சொன்னதைக் கேட்டோம்.' கண்ணாடிச் சுவர். தோல் நாற்காலிகள். மின்தூக்கி. வெள்ளைச் சட்டை போட்டவர்கள் பரிமாறும் சாப்பாடு. கிழக்குப் பக்கச் சொகுசு அரங்கம், அடுத்த ஆண்டு முதல்.

கரண்டியால் அடிப்பேன் என்றதை வெட்டிவிட்டார்கள். எங்க பலகை என்றதை வெட்டிவிட்டார்கள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வோமே, அதில்கூட அறுப்பவன் கையில்தான் கத்தி இருக்கும். இங்கே கத்தியை அவள் கையில் கொடுத்து, அவள் ஆட்கள் கழுத்தில் வைத்து, அழுத்தச் சொன்னார்கள். அவள் சிரித்துக்கொண்டே அழுத்தியும் விட்டாள்.

மேற்குப் பக்கம் கைதட்டியது. மேற்குப் பக்கத்தில்தான் ஏற்கெனவே நாற்காலி இருக்கிறதே, ஏன் தட்டமாட்டார்கள்? இருபத்தேழாம் பிரிவு நின்றபடியே இருந்தது.

"என்ன பண்ணிட்டீங்க?" என்றாள் ரொவீனா. "நான் சொன்னது இது இல்லியே. முழுசா போடலியே நீங்க. எனக்கு மைக்கக் குடு. மைக்கக் குடுடீ!"

"நேரம் முடிஞ்சிடுச்சு ரொவீனா, ஆட்டக்காரங்க வராங்க." கேலின் சிரிப்பு மாறாமல் அவள் முழங்கையைப் பிடித்து ஓரத்துக்கு நடத்தினாள். "முதல்ல எல்லாருக்கும் அதிர்ச்சியாத்தான் இருக்கும். அப்புறம் பழகிடும். உங்கள நாங்க மறப்போமா? இந்தாங்க." ஒரு வெள்ளை உறையைக் கோட்டுப் பைக்குள் செருகினாள். "புது அரங்கத்துல ரெண்டு இடம். முதல் வரிசை. உங்க ஆயுசு முழுக்க."

"மத்தவங்களுக்கு?"

"அவங்க விண்ணப்பம் போடலாம். யார் அதிகமா நன்கொடை குடுத்தாங்களோ அந்த வரிசைப்படி பாப்பாங்க."

ரொவீனா உறையை எடுத்து அவள் முகத்தில் வீசியிருக்க வேண்டும். அப்படி வீசியதாகத்தான் பல ராத்திரி கற்பனை செய்துகொண்டாள். உண்மையில் அவளுக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது, மேலே போக வேண்டும். தங்க அட்டையை ஆட்டியபடி காவலாளிகளைத் தாண்டிக் கிழக்குப் பக்கத்துக்கு ஓடினாள். எழுபத்தெட்டுப் படி. சாமியைக் கூப்பிடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. வழியில் ஒருவன் "புது நாற்காலிக்கு ரொம்ப நன்றி அம்மா!" என்று கையெடுத்தான். இன்னொருத்தி குழந்தையை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

நாற்பத்து மூன்றாம் வரிசையில் ஏறி நின்றாள். மூன்றாம் கால்பாகம் தொடங்கியிருந்தது. மரப்பலகையில் ஒருவர் எழுந்துபோனால் மற்றவர்கள் கால் அகட்டி, கம்பளம் விரித்துப் பரந்து உட்கார்ந்துகொள்வது வழக்கம். ஆள் திரும்பி வந்ததும் யாரும் சொல்லாமலே ஆளுக்கு நாலு விரல் நகர்வார்கள், இடம் பிறந்துவிடும். ரொவீனா நின்றாள். யாரும் நகரவில்லை. அவளுடைய இரண்டு எண்களும் கம்பளங்களுக்கு அடியில் இருந்தன.

"மார்லிஸ்," என்றாள். "அவங்க வெட்டிட்டாங்க. கடைசில நான் சொன்னத வெட்டிட்டாங்க. அந்தப் பலகையத் தொட்டா கரண்டியால அடிப்பேன்னு சொன்னேன். உன் மேல ஆணையாச் சொன்னேன்."

"சொல்லியிருப்பே," என்றாள் மார்லிஸ். கண் மைதானத்தில்தான் இருந்தது.

"நம்புறேல்ல? நாம எப்பவும் சொல்றதுதானே அதெல்லாம். வெயிலு, படி, இடுப்பு. நீயும் சொல்றதுதானே!"

"நானும் சொல்வேன். இந்த வரிசையில சொல்வேன். நான் மூச்சு வாங்கி உக்காந்தத நீ அவங்ககிட்ட எதுக்கு எடுத்துட்டுப் போனே?"

படம்பிடித்த பையன் சிரித்தான், அதனால் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

பின்னாலிருந்து டுவேன் குனிந்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. "ஏ சமையல்காரம்மா. உனக்கு அங்க இடம் குடுத்தாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். உறை கோட்டுப் பைக்குள் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. ஆனால் முப்பத்து மூன்று வருஷம் இந்த ஆட்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"குடுத்தாங்க," என்றாள். "ரெண்டு."

மார்லிஸ் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள், தபால் கொடுக்கிற காலத்தில் விலாசம் சரிதானா என்று பார்க்கிற பார்வை.

"அப்போ இங்க ஏன் நிக்கறே?" என்றாள். "பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது பாரு."